செடிக்கா, முழங்காலுக்கா? - பாத்தி உயர்ந்த கதை

போன வருஷம் மாசி மாசம் எங்க வீட்டுக் கொல்லைப்பக்கம் ஒரு பாத்தி கட்டினேன். கட்டினேன்னா நான் எங்கே கட்டினேன்? கொத்தனார் கட்டினார், நான் பக்கத்துல நின்னு யோசனை சொன்னேன். ஹாலோ பிளாக் வச்சு, காம்பவுண்டு சுவரை ஒட்டி, 3 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம். உள்ளே செம்மண், மக்கின சாணி எரு, தேங்காய் நார்க்கழிவு எல்லாம் கலந்து நிரப்பி, கத்தரி நாத்து வாங்கி நட்டு, அம்மாவைச் சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வந்து காட்டினேன்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு மூணு வருஷம் ஆகுது. அதுக்கு முன்னாடி ஊர்ல இருந்தவரைக்கும் கடையில கீரை வாங்கினதே கிடையாது. இங்கே வந்ததுக்கு அப்புறம் ஜன்னல் வழியா கொல்லையைப் பார்க்கிறதும், "அந்தப் பக்கம் ஒரு அவரைப் பந்தல் போடலாம்"னு சொல்றதுமா நாள் போச்சு. அதனாலதான் இந்த ஏற்பாடு.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாங்க. கையை நீட்டினாங்க. ஓரத்துல இருந்த முதல் நாத்தோட இலையைத் தொட முடிஞ்சது, அவ்வளவுதான். முழங்கால் பிளாக்குல முட்டுது, நெஞ்சு உயரத்துக்கு மண்ணு. நாற்காலியைப் பக்கவாட்டுல திருப்பச் சொல்லி இன்னொரு தடவை முயற்சி பண்ணாங்க. அப்புறம் கையைப் புடவைத் தலைப்புல துடைச்சுக்கிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு. உனக்கு"ன்னாங்க.

அந்த ஒரு வார்த்தை ராத்திரி பூரா தூங்கவிடலை. யோசிச்சுப் பார்த்தா உண்மைதான். நான் நின்னுக்கிட்டு வேலை செய்ய எந்த உயரம் வசதியோ, அந்த உயரத்துலதான் கட்டியிருக்கேன். இவ்வளவு பெரிய உலகத்துல இந்தத் தப்பைப் பண்ணின முதல் ஆள் நானாவா இருப்பேன்? எவனோ ஒருத்தன் இதை முன்னாடியே யோசிச்சிருக்கணுமேன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்ச கதைதான் இது.

முதல்ல ஒண்ணு. தரையிலேருந்து பாத்தியைத் தூக்கிக் கட்டுறது புதுசே கிடையாது. நம்ம ஊர் விவசாயிகிட்ட மேட்டுப்பாத்தின்னு சொன்னா தலையாட்டுவார். வெற்றிலைக் கொடிக்கால்ல பாத்திகளைத் தூக்கி, நடுவுல வாய்க்கால் விட்டுத்தான் கொடி ஏத்துறாங்க. ஐரோப்பாவுல, இப்போ சுவிட்சர்லாந்துல இருக்கிற செயின்ட் காலன் மடத்துக்காக 820-ஆம் ஆண்டு வாக்குல வரைஞ்ச ஒரு கட்டட வரைபடம் இன்னும் பத்திரமா இருக்கு. அதுல காய்கறித் தோட்டத்துக்கு வரிசையா 18 பாத்தி வரைஞ்சு, ஒவ்வொண்ணுலயும் என்ன பயிர்னு பேர் எழுதியிருக்காங்க. அதே நூற்றாண்டுல வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோங்கிற துறவி தன்னோட தோட்டத்தைப் பத்தி லத்தீன்ல ஒரு கவிதை நூலே எழுதினார். மழையில மண்ணு கரைஞ்சு போகாம இருக்க, பாத்தியைச் சுத்திப் பலகை அடிச்சு உயர்த்தினதா அதுல வருது.

ஆனா கவனிச்சீங்களா? இதெல்லாம் செடிக்காக உயர்ந்த பாத்தி. தண்ணி தேங்கி வேர் அழுகக்கூடாது, குளிர் தேசத்துல மண்ணு சீக்கிரம் சூடாகணும், நல்ல மண்ணு மிதிபடாம இருக்கணும். காரணம் எல்லாமே வேர் சம்பந்தப்பட்டது. அரை அடி, ஒரு அடிக்கு மேலே தூக்கவேண்டிய அவசியம் வேருக்கு இல்லை. குனியறவன் இடுப்பைப் பத்தி யாரும் யோசிக்கலை.

(இந்த இடத்துல எனக்கு எங்க பாட்டி வீட்டுத் துளசி மாடம் ஞாபகம் வந்தது. இடுப்பு உயரம். முதுகு வளைஞ்சு போன கடைசிக் காலத்துலயும் பாட்டி குனியாம தண்ணி ஊத்தினது அந்த ஒரு செடிக்குத்தான். அதைக் கட்டினவங்க மனசுல இருந்தது சாமி. பலன் பாட்டி முதுகுக்கு.)

சரி, விஷயத்துக்கு வருவோம். தோட்ட வேலை நோயாளிக்கு நல்லதுங்கிற எண்ணமும் பழசுதான். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவர்கள்ல ஒருத்தரான பெஞ்சமின் ரஷ் ஒரு டாக்டர். 1812-ல மனநோய் பத்தி அவர் எழுதின புத்தகத்துல, ஆஸ்பத்திரியில தோட்டம் கொத்துறது, விறகு வெட்டுறது மாதிரி வேலை செஞ்ச ஏழை நோயாளிகள் குணமான அளவுக்கு, சும்மா உட்கார்ந்திருந்த பெரிய இடத்து ஆட்கள் குணமாகலைன்னு குறிச்சு வச்சார். ஆனா அவர் பார்த்த ஆட்களுக்குக் கை கால் நல்லா இருந்தது. மண்வெட்டியைக் கொடுத்தா தரையைக் கொத்திடுவாங்க. தரையைத் தூக்கவேண்டிய தேவை அங்கேயும் வரலை.

அப்போ நடக்க முடியாதவங்க? இந்தக் கேள்விக்குக் கிடைச்ச பதில்தான் என்னை உலுக்கிடுச்சு. முதுகுத்தண்டு முறிஞ்சவங்களுக்காக யாரும் தோட்டம் யோசிக்காததுக்குக் காரணம், அவங்க உயிரோடவே இருந்ததில்லை. முதல் உலகப் போர்ல முதுகுத்தண்டுல குண்டடி பட்ட சிப்பாய்கள்ல பெரும்பாலானவங்க கொஞ்ச நாள்லயே செத்துப்போனாங்க. குண்டு கொல்லலை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொன்னுச்சு. டாக்டர்களே கைவிட்ட கேஸ்.

இதை மாத்தினவர்கள்ல முக்கியமானவர் லுட்விக் குட்மன். ஹிட்லர்கிட்டேருந்து தப்பி 1939-ல இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் டாக்டர். 1944 பிப்ரவரி 1-ஆம் தேதி ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில முதுகுத்தண்டுக் காயப் பிரிவு ஒண்ணை அவர் பொறுப்புல ஆரம்பிச்சாங்க. அவர் செஞ்சதுல பெரிய மந்திரம் ஒண்ணும் இல்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பகல் பார்க்காம, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கணும். அவ்வளவுதான். புண்ணு வராது. தொற்றுக்குப் புது மருந்தா பென்சிலினும் வந்து சேர்ந்தது. ஆட்கள் பிழைக்க ஆரம்பிச்சாங்க. பிழைச்சவங்களைப் படுக்கையில விட்டுவைக்காம வேலை, விளையாட்டுன்னு இழுத்துவிட்டார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கின அதே நாள், ஆஸ்பத்திரிப் புல்வெளியில 16 பேர் சக்கர நாற்காலியில உட்கார்ந்து வில்வித்தைப் போட்டியில கலந்துக்கிட்டாங்க. இன்னிக்கு நாம டிவியில பார்க்கிற பாராலிம்பிக்ஸோட விதை அதுதான்.

நாற்காலியும் அதுக்குள்ள மாறியிருந்தது. அதுக்கு முன்னாடி இருந்த பெரும்பாலான சக்கர நாற்காலி மரமும் பிரம்புமா கனமானது, யாராவது தள்ளினாத்தான் உண்டு. அமெரிக்காவுல ஹெர்பர்ட் எவரெஸ்ட்னு ஒரு சுரங்கப் பொறியாளர், விபத்துல முதுகு உடைஞ்சவர். அவரும் அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் சேர்ந்து 1930-களின் ஆரம்பத்துல எஃகுக் குழாய்ல மடக்கக்கூடிய நாற்காலி ஒண்ணைச் செஞ்சாங்க. தானே உருட்டிக்கலாம், மடிச்சு காருக்குள்ள போட்டுக்கலாம். இன்னிக்கு எங்க அம்மா உட்கார்ந்திருக்கிற நாற்காலியைக் குப்புறப் போட்டுப் பாருங்க, அதே பெருக்கல் குறி மாதிரி குழாய் கீழே இருக்கும்.

ஆக, பிழைச்ச மனுஷன் இருக்கான், அவனைச் சுமந்து தோட்டம் வரைக்கும் வர நாற்காலி இருக்கு. வந்தாச்சு. மண்ணு மட்டும் தரையிலேயே கிடக்கு.

இதே காலத்துல நியூயார்க்ல ஹோவர்ட் ரஸ்க். போர் சமயத்துல அமெரிக்க விமானப்படையில டாக்டரா இருந்து, காயம்பட்ட வீரர்களுக்கு மறுவாழ்வு சிகிச்சைங்கிறதையே ஒரு தனித் துறையா வளர்த்தவர். அவரோட நிலையத்துல 1950-களின் கடைசியில, எனிட் ஹாப்ட்ங்கிற பத்திரிகையாளர் கொடுத்த நன்கொடையில ஒரு கண்ணாடித் தோட்டம் வந்தது. நாற்காலியில இருக்கிறவங்க உள்ளே போய்ச் செடியைத் தொட்டு வேலை செய்யறதுக்குன்னே கட்டின பசுமைக்குடில். பல வருஷம் நோயாளிகளுக்குச் சிகிச்சை அறையாவும் பக்கத்துத் தெருக்காரங்களுக்குப் பூங்காவாவும் இருந்தது. இப்போ இல்லை. 2012-ல வந்த சாண்டி புயல் வெள்ளமும், புது ஆஸ்பத்திரிக் கட்டடமும் சேர்ந்து அதை முடிச்சு வச்சிடுச்சு.

இந்த இடத்துல நம்ம ஊர் ஆள் ஒருத்தரைச் சொல்லாம தாண்ட எனக்கு மனசு வரலை. டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சியில பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில படிச்சு, அங்கேயே வேலை பார்த்தவர். 1954 ஜனவரியில ஒரு வாகன விபத்துல இடுப்புக்குக் கீழே உணர்வு போயிடுச்சு. வயசு முப்பதுகூட ஆகலை. டாக்டர் வேலை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சப்போ, தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டிருந்த பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். கையில செய்யற அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகிட்டே செய்யலாமே! மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில உட்கார்ந்தே கத்தியைப் பிடிச்சார். மடங்கிப்போன விரல்களை நீட்ட வச்சார். அப்புறம் ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போய்த் தனக்குப் பயிற்சி எடுத்துக்கிட்டு, அங்கிருந்து நியூயார்க் போய் இதே ரஸ்க் நிலையத்துலதான் மறுவாழ்வு மருத்துவம் படிச்சார். திரும்பி வந்து 1963-ல வேலூர்ல அந்தத் துறைக்குத் தலைமை ஏத்தார். 1966-ல மறுவாழ்வு நிலையம் தொடங்கினாங்க. 1972-ல பத்மஸ்ரீ.

அவர் நியூயார்க்ல இருந்தப்போ அந்தக் கண்ணாடித் தோட்டத்துல செடி நட்டாரான்னெல்லாம் நான் கதை விடப்போறதில்லை. எனக்குப் பிடிச்சது பால் பிராண்ட் சொன்ன அந்த யோசனை. எழுந்து நிக்க முடியாதவரை எப்படி நிக்க வைக்கிறதுன்னு அவர் மண்டையைக் குடையலை. உட்கார்ந்து செய்யற வேலை எதுன்னு தேடினார். பாத்தியைத் தூக்கறதும் அதே புத்திதான்.

அதுக்கப்புறம் விஷயம் வேகமெடுத்தது. 1960-ல ஆலிஸ் பர்லிங்கேமும் டொனால்ட் வாட்சனும் தோட்டச் சிகிச்சைக்கு ஒரு பாடப்புத்தகமே எழுதினாங்க. 1963-ல இங்கிலாந்துல செல்வின் கோல்ட்ஸ்மித்ங்கிற கட்டடக் கலைஞர், உடல் ஊனமுற்றவர்களுக்கான வடிவமைப்பு பத்தி ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தார். இவருக்கு 1956-ல இளம்பிள்ளை வாதம் வந்து உடம்பு பாதிக்கப்பட்டது. கதவு எவ்வளவு அகலம், மேஜை எவ்வளவு உயரம், உட்கார்ந்த கை எதுவரை எட்டும்னு அளவு அளவா எழுதினார். புத்தகம் போட்டதோட நிறுத்தாம, நார்விச் நகரத்துல சக்கர நாற்காலிக்காரங்க இருநூறு பேருக்கு மேலே கண்டு பேசி, அவங்களுக்கு எது இடைஞ்சல்னு கேட்டார். நடைபாதை விளிம்புன்னு தெரிஞ்சது. ஊர்ல நடைபாதைகளுக்குச் சரிவு வச்சாங்க. கேட்டுட்டுச் செஞ்சார் பாருங்க. நான் கேட்கலை, ஹி ஹி.

1973-ல அமெரிக்காவுல தோட்டச் சிகிச்சைக்காரங்களுக்குன்னு சங்கம் வந்தது. 1978-ல இங்கிலாந்துல கிறிஸ் அண்டர்ஹில் ஆரம்பிச்ச அமைப்புதான் இப்போ 'த்ரைவ்'ங்கிற பேர்ல நடக்குது.

இந்தப் பக்கம் இப்படி ஓடிக்கிட்டிருக்க, அந்தப் பக்கம் இதுக்குச் சம்பந்தமே இல்லாம இன்னொரு கூட்டம் பாத்தியைத் தூக்கிக்கிட்டிருந்தது. 1967-ல ஆலன் சாட்விக்ங்கிற ஆங்கிலேயர் கலிஃபோர்னியாவுல சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்துல ஆழக் கொத்தின மேட்டுப்பாத்தியில இயற்கை முறையில காய்கறி போட்டுக் காட்டினார். 1981-ல மெல் பார்த்தலோமியூன்னு ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருத்தர், 4 அடிக்கு 4 அடி பாத்தியை ஒரு சதுர அடி கட்டங்களாப் பிரிச்சு நடுற முறையைப் புத்தகமாப் போட, அது சக்கைப்போடு போட்டுச்சு. இவங்களுக்கு மறுபடியும் செடியும் மண்ணும்தான் கணக்கு. என்னோட 4 அடி அகலம் எங்கேருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா? ஆனா 4 அடிங்கிறது நாலு பக்கமும் சுத்தி வர்றவனுக்கு. ஒவ்வொரு பக்கத்துலேருந்தும் 2 அடி எட்டினாப் போதும். நான் சுவரை ஒட்டிக் கட்டினேன். உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு ஒரு பக்கத்துலேருந்து 2 அடிக்கு மேலே எட்டாது. பாதி அறிவு பாத்திக்கும் உதவாது :-)

இந்த ரெண்டு ஓடையும் அழகாச் சேர்ந்த இடம்னா எனக்குத் தெரிஞ்சு சிகாகோ தாவரவியல் பூங்கா. அங்கே ஜீன் ராதர்ட்னு ஒரு தோட்டச் சிகிச்சை நிபுணர். இவரே சக்கர நாற்காலிக்காரர். 1994-ல தடையில்லாத் தோட்டம் அமைக்கிறது பத்திப் புத்தகம் எழுதினார். 1999-ல அந்தப் பூங்காவுல இதுக்குன்னே தனித் தோட்டம் திறந்தாங்க. விதவிதமான உயரத்துல பாத்தி, கப்பி வச்சு இறக்கி ஏத்துற தொங்கும் கூடை, சுவர்லயே செடி. எல்லாருக்கும் ஒரே உயரம்ங்கிற பேச்சே இல்லை. நடுவுல 1990-ல அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்து, மேஜைக்குக் கீழே முழங்கால் நுழைய 27 அங்குலம் இடம் விடணும், நாற்காலி முழுசாத் திரும்ப 5 அடி வட்டம் வேணும்னு கணக்கெல்லாம் கொடுத்திருந்தது. நம்ம நாட்டுலயும் 1995-லயும் 2016-லயும் சட்டம் வந்திருக்கு. எங்க தெரு நடைபாதைக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரலை.

கடைசியா ஒரு பையன் கதை. இங்கிலாந்துல சாலிஸ்பரி ஆஸ்பத்திரியில முதுகுத்தண்டுக் காயப் பிரிவு. அங்கே வேலை பார்த்த அறுவை சிகிச்சை நிபுணரோட மகன் ஹொரேஷியோ சாப்பிள், லீவு நாள்ல அங்கே தொண்டு வேலைக்குப் போவான். மாசக்கணக்கா உள்ளேயே கிடக்கிறவங்களுக்கு வெளியே ஒரு தோட்டம் வேணும்னு தோணிச்சு அவனுக்கு. என்ன செஞ்சான் தெரியுமா? ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணி நோயாளிகள்கிட்டக் கொடுத்து, உங்களுக்கு எப்படித் தோட்டம் வேணும்னு கேட்டான். 2011 ஆகஸ்ட்ல ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு ஒரு பயணம் போன இடத்துல பனிக்கரடி தாக்கி இறந்துட்டான். வயசு 17. அடுத்த வருஷமே அந்தத் தோட்டம் அவன் பேர்ல திறந்தது. அப்புறம் ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ, குட்மனோட அதே ஸ்டோக் மாண்டவில்னு வேற ஊர்களுக்கும் பரவிச்சு. கட்டிலோட தள்ளிக்கிட்டு வரலாம். நடைபாதையில துளி மேடு பள்ளம் இருக்காது, ஏன்னா சின்னக் குலுக்கல்கூட முதுகுத்தண்டுக் காயக்காரங்களுக்கு வலி கொடுக்கும்.

இதைப் படிச்ச மறுநாள் காலையில இன்ச் டேப்பும் நோட்டும் எடுத்துக்கிட்டு அம்மா முன்னாடி உட்கார்ந்தேன். "என்னடா, ஜாக்கெட் தைக்கவா அளவு எடுக்குற?"ன்னாங்க.

நாற்காலியில உட்கார்ந்தா தரையிலேருந்து முழங்கால் மேல்பக்கம் 24 அங்குலம். முழங்கை 28. இதுலதான் சிக்கலே. பாத்தியோட அடிப்பக்கம் முழங்காலுக்கு மேலே இருக்கணும். மேல்பக்கம் முழங்கையைத் தாண்டி ரொம்பப் போகக்கூடாது. நடுவுல மிஞ்சறது நாலஞ்சு அங்குலம். வேருக்கு அது போதுமா? முழங்காலும் வேரும் ஒரே நாலு அங்குலத்துக்குச் சண்டை போடுதுங்க. நீல டிரம்மை நெடுக்குவாட்டுல அறுத்து ஸ்டாண்டுல வச்சுப் பார்த்தேன். அடிப்பக்கம் வளைஞ்சிருக்கே, முழங்கால் போயிடும்னு நினைச்சேன். ஓரம் செங்குத்தா இறங்குறதால நேரா முட்டிடுச்சு.

அப்புறம் வெல்டிங் பட்டறைக்காரர் சொன்ன யோசனை. "சார், படி மாதிரி செஞ்சிடலாம்"னார். அம்மா பக்கம் 9 அங்குலத்துக்கு ஆழம் 5 அங்குலம்தான். அதுக்குப் பின்னாடி 15 அங்குலம் அகலத்துக்கு ஆழம் 10. மொத்தம் 2 அடி. முழங்கால் முன்படிக்குக் கீழே நுழைஞ்சிடும், பின்னாடி வேர் இறங்கிக்கும். மேல் விளிம்பு தரையிலேருந்து 30 அங்குலம். நாற்காலியோட கைப்பிடி கழட்டற மாதிரி இருந்ததால பிழைச்சோம். தகரம் சித்திரை வெயில்ல கொதிக்கும்னு உள்ளே பழைய சாக்கு விரிச்சு, அதுக்கு மேலே நார்க்கழிவு அதிகமாக் கலந்த மண்ணு. அடியில தண்ணி வடிய ஓட்டை. ஆழம் கம்மிங்கிறதால சீக்கிரம் காஞ்சிடும், காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தியாகணும். அது ஒரு குறைன்னு நான் நினைச்சேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வெளியே வர ஒரு சாக்குன்னு அம்மா நினைக்கிறாங்க.

முன்படியில வெந்தயக்கீரை, கொத்தமல்லி, சிறுகீரை. பின்படியில தக்காளி, மிளகாய், ஒரு ஓரமா கனகாம்பரம். பழைய ஹாலோ பிளாக் பாத்தியில கத்தரி அது பாட்டுக்கு நல்லாவே காய்க்குது. அது என்னோடது.

போன வாரம் வெண்டை போடலாமேன்னு கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "வெண்டைச் செடி என்ன உயரம் வரும்? ஏற்கெனவே ரெண்டரை அடி மேலே இருக்குற மண்ணுல அதை வச்சா, காய் பறிக்க நான் ஏணி வச்சா ஏறுவேன்?"

இது எனக்குத் தோணவே இல்லை. பாத்தி உயர்ந்தா செடியும் சேர்ந்து உயரும்.

"அதைத் தரையிலேயே போடுடா. காய் எனக்கு நேரா வரும். விதையை நீ குனிஞ்சு போடு, நான் பறிச்சுக்கிறேன்."

ஞாயித்துக்கிழமை குனிஞ்சு போட்டேன். இடுப்பு இன்னும் வலிக்குது.